டிரைசே ஊசித் துப்பாக்கி

டிரைசே ஊசித் துப்பாக்கி என்பது 19 ஆம் நூற்றாண்டில் பிரஷ்யக் காலாட்படை பயன்படுத்திய, குழலின் பின்புறமாகத் தோட்டா இடப்படும் துப்பாக்கி ஆகும். கதவுத் தாழ்ப்பாளைப் போல் முன்னும் பின்னும் நகரும் அடைப்பானைக் கொண்ட முதல் படைத் துப்பாக்கி இதுவே. இதனை உருவாக்கியவர் ஜெர்மனியின் சோமெர்டா நகரில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த யோகான் நிக்கோலாஸ் டிரைசே (1787–1867). பாரிஸில் சாமுவேல் பவுலி என்னும் சுவிஸ் துப்பாக்கி வினைஞரிடம் பணியாற்றியபோது இத்துறையில் அவர் பயிற்சி பெற்றார்.

பின்னணி

அக்காலத் துப்பாக்கிகளில் வெடிமருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டு, நீண்ட கோலால் இடித்து இறக்க வேண்டியிருந்தது. நிமிடத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறையே சுட முடியும். அதற்கும் வீரன் எழுந்து நிற்க வேண்டும். அதாவது, பகைவனுக்கு இலக்காக வேண்டும். 1836 இல் டிரைசே பின்புறமாக இடும் முறையை அமைத்தார். பிரஷ்ய அரசு 60,000 துப்பாக்கிகள் செய்யப் பணித்தது. இரகசியம் வெளிப்படாதிருக்க 'இலகு தட்டுவெடித் துப்பாக்கி' என்று பொதுப்படையான பெயரை 1841 இல் அதற்குச் சூட்டினர்.

இயங்குமுறை

காகிதத் தோட்டாவினுள் குண்டு, வெடிமருந்து, பற்றுமருந்து மூன்றும் ஒருங்கே இருந்தன. பற்றுமருந்து தோட்டாவின் அடியில் இல்லாமல், குண்டைத் தாங்கும் காகிதக்கூழ்க் கட்டையின் பின்பக்கத்தில் இருந்தது. எனவே விசையை அழுத்தியதும் நீண்ட ஊசியொன்று காகிதத்தைத் துளைத்து, வெடிமருந்து முழுவதையும் ஊடுருவிச் சென்று அதனைக் குத்தியது. குறையும் இங்கேதான் பிறந்தது. எரியும் மருந்தின் நடுவே நின்ற ஊசி அரிக்கப்பட்டு எளிதில் முறிந்தது. வீரர்கள் மாற்று ஊசிகளை உடன் கொண்டுசென்றனர். அடைப்பானின் இணைப்பில் சூடான வளிமம் கசிந்ததால், முகத்தருகே வைத்துக் குறிபார்க்கப் பலர் தயங்கினர்.

போர்க்களத்தில்

1864 சூலை 3 இல் லுண்ட்பி என்னுமிடத்தில் துப்பாக்கிமுனைக் கத்திகளுடன் பாய்ந்து வந்த டென்மார்க் படைப்பிரிவை இத்துப்பாக்கி சிதறடித்தது. சரியாக ஈராண்டுகளுக்குப் பின், 1866 சூலை 3 இல், கோனிக்கிரேட்சில் ஆஸ்திரியா தோற்றது. ஆஸ்திரியரின் லோரென்ஸ் துப்பாக்கி இதைவிடத் தொலைவாகச் சுடவல்லது. ஆயினும், படுத்தவாறே பன்மடங்கு விரைவாகச் சுட்ட எதிரியின்முன் அச்சிறப்பு பயன்படவில்லை.

அதே ஆண்டு பிரான்ஸ் ஏற்றுக்கொண்ட சாஸ்போ துப்பாக்கியும் ஊசி வகையே. இரப்பர் வளையத்தால் கசிவைக் குறைத்த அது, 1,200 மீட்டர் வரை குறிவைக்க உதவியது. 1870 ஆகஸ்ட் 18 இல் சென் பிரிவாவில் அதன் முன் பிரஷ்யக் காவற்படை ஏறத்தாழ 8,000 பேரை இழந்தது. அப்போரில் பிரஷ்யாவின் வெற்றிக்குத் துப்பாக்கியைவிடக் குரூப் பீரங்கிகளே பெரிதும் துணைநின்றன எனலாம். வெடிக்கும்போது விரிந்து குழலைத் தானே அடைக்கும் உலோகத் தோட்டாவுடன் வந்த 1871 ஆம் ஆண்டின் மவுசர் துப்பாக்கி இதன் இடத்தைப் பிடித்தது.