ஈரத்துணியில் தொடங்கும் பாடம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பழக்கம் என்றதும் பள்ளிகளில் நினைவுக்கு வருவது ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம், ஒரு மரக்கன்று, ஒரு போட்டோ. கோலார் தங்கவயலுக்கு அது போதாது. இங்கே ஒவ்வொரு பழக்கத்துக்கும் காரணம் ஊருக்கு நடுவிலேயே மேடாக நிற்கிறது. அந்தக் காரணத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் பழக்கம் பிள்ளையிடம் ஒட்டும்.

சயனைடு மேடுகளைத்தான் சொல்கிறேன். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த நாள் முதல், 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட நாள் வரை இங்கே எடுத்த தங்கம் சுமார் 800 டன். ஒரு டன் பாறையை மாவாக அரைத்தால் கிடைத்தது கிராம் கணக்கில்தான். அந்த மாவைச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தபின், மிச்சத்தைச் சேறாக வெளியே விட்டார்கள். அது காய்ந்து, அதன்மேல் இன்னும் கொட்டி, இன்றைக்கு 13 மேடுகளில் ஏறக்குறைய 3.3 கோடி டன் கிடக்கிறது.

சயனைடு என்ற பெயரைக் கேட்டுத்தான் பெற்றோர் பயப்படுகிறார்கள். வெயிலும் காற்றும் பட்டால் அதில் பெரும்பகுதி காலப்போக்கில் சிதைந்துவிடும். அதற்காக மேடு விளையாடும் இடமாகிவிடாது. அங்கே மிஞ்சியிருப்பது நுண்ணிய பாறைத்தூளும், பாறையிலேயே இருந்த சில உலோகங்களும். மக்கிய இலையோ சாணமோ கலக்காத வெறும் தூள் என்பதால் செடி எளிதில் வேர் பிடிப்பதில்லை. வேர் பிடிக்காத மண்ணைக் காற்று தூக்கிக்கொண்டு போகிறது. ஆடிக் காற்றில் துணி உலர்த்தும் வீடுகளுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், தும்மினால் வெளியே வந்துவிடும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. அது படிகப் பாறைத்தூளாக இருந்து, வருடக்கணக்கில் சேர்ந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். அதுதான் சிலிகோசிஸ். 1940-களிலேயே இந்தச் சுரங்கத் தொழிலாளர்களிடம் அந்த நோயை மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். பாறையைக் காய்ந்தபடி துளைக்காமல் தண்ணீர் விட்டுத் துளைப்பதுதான் அதற்கு முக்கியமான தடுப்பு. நனைந்த தூள் பறக்காது, அவ்வளவுதான் சூட்சுமம்.

வகுப்பறைக்கு வருவோம். காலையில் பிள்ளைகள் காய்ந்த துடைப்பத்தால் வேகமாகப் பெருக்குகிறார்கள். சன்னல் வழியாக வரும் வெயிலில் தூசி எழுவது தெரியும். பெரிய தூசி சீக்கிரம் இறங்கிவிடும். நுண்தூசி மணிக்கணக்கில் மிதக்கும், அதே அறையில் உட்கார்ந்துதான் பாடம் படிக்கிறார்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு மெதுவாகப் பெருக்கச் சொல்லுங்கள். சன்னல் விளிம்பையும் கரும்பலகையையும் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். சாப்பிடும்முன் கையோடு முகத்தையும் கழுவட்டும். "உன் தாத்தா மைன்ஸில் தண்ணீர் விட்டு ஓட்டை போட்டதும் இதற்குத்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால், பிள்ளை வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் கேட்கும். அந்தப் பேச்சு எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். இரண்டு கறுப்பு அட்டைகளில் மெல்லியதாக வாஸ்லின் தடவி, ஒன்றைத் திறந்த சன்னலிலும் மற்றொன்றை மூடிய அலமாரியிலும் வையுங்கள். ஒரு நாள் கழித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். சன்னல் அட்டையில் வெளிறிய புள்ளிகள் ஒட்டியிருக்கும். தேதி எழுதிப் பத்திரப்படுத்தினால் ஆடி மாதத்து அட்டையையும் மழைக்காலத்து அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

பள்ளியில் சுற்றுச்சூழல் கற்பிக்கவேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொன்னது. சுரங்கம் மூடிய 2001-ல்தான் பள்ளிகளுக்கான தேசிய பசுமைப் படையும் தொடங்கியது. ஏற்பாடுகள் இருக்கின்றன. உள்ளூர்க் காரணம்தான் பாடத்தில் இல்லை.

தண்ணீர் விஷயமும் அப்படியே. பாலாற்றுத் தண்ணீர் நிற்கும் பேத்தமங்கலம் ஏரியிலிருந்துதான் இந்த ஊருக்குக் குழாய் வந்தது.  கோலார் மழை குறைந்த மாவட்டம். சாயங்காலம் பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் வேம்பு, புங்கன் கன்றின் அடியில் ஊற்றும் பழக்கம் இங்கே பெரிய காரியம். கன்று சாவது நட்ட ஜூனில் அல்ல, ஏப்ரல், மே விடுமுறையில். அந்த இரண்டு மாதமும் எந்த வீட்டுப் பிள்ளை எந்தக் கிழமை தண்ணீர் ஊற்றும் என்று பரீட்சைக்கு முன்பே எழுதிவைக்காவிட்டால் நட்டதே வீண். குப்பையைப் பற்றி ஒன்றே ஒன்று: பிளாஸ்டிக்கை மூலையில் குவித்துக் கொளுத்தவேண்டாம். தூசியோடு அந்தப் புகையும் சேரவேண்டாம்.

இதையெல்லாம் இப்போது அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அந்த 13 மேடுகளிலும் எஞ்சிய தங்கத்துக்காக மறுபடி மண் எடுக்கலாம் என்று 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஊருக்கு வேலை வந்தால் நல்லது, நானும் அதை விரும்புகிறேன். ஆனால் அசையாமல் கிடக்கும் தூளை மண்வாரி எந்திரம் அள்ளும்போது, தண்ணீர் தெளித்துக்கொண்டே அள்ளுகிறார்களா, லாரிக்குத் தார்ப்பாய் போடுகிறார்களா, பள்ளி நேரத்தில் எந்தத் தெரு வழியாகப் போகிறார்கள் என்று யாராவது கேட்கவேண்டும். ஈரத்துணி எதற்கு என்று தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் தானாக வரும். தேதி போட்ட அட்டைகள் கையில் இருந்தால், வேலை தொடங்குவதற்கு முன் தூசி எவ்வளவு, பின் எவ்வளவு என்று நகரசபையில் மேசைமேல் வைத்தே காட்டலாம். முதல் அட்டையை இந்த ஆடிக்கே வைத்துவிடுங்கள்.