கணனியைத் திறக்குமுன் வயரைப் பாருங்கள்

கிணற்று மோட்டரில் கைவைக்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும் என்பது கமக்காரர் யாவரும் அறிந்ததே. ஆனால் அதே வீட்டுப் பிள்ளை பழுதான கணனியின் மூடியைக் கழற்றும்போது, "சின்னப் பெட்டிதானே" என்று பிளக்கைப் பிடுங்காமலே விட்டுவிடுவதுண்டு. மோட்டருக்கு வரும் அதே 230 வோல்ற்று மின்சாரம்தான் இந்தப் பெட்டிக்கும் வருகிறது.

காணியைப் பிரிந்து வாழும் குடும்பத்துக்குப் பிள்ளையின் கைத்தொழில் பெரிய ஆதாரம். அத்தொழிலைப் பழகுபவர் கைக்கு வருபவை பெரும்பாலும் பலர் பாவித்து, பலர் கிளறிய பழைய கணனிகள். ஆகவே பழுதைத் தேடுமுன் ஆபத்தைத் தேட வேண்டும்.

முதலில் சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் கழற்ற வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. யூ.பி.எஸ். பூட்டியிருந்தால் அதிலிருந்தும் கழற்ற வேண்டும். மின்சாரம் நின்றாலும் அது தன் பற்றரியைக் கொண்டு 230 வோல்ற்றைக் கொடுத்துக்கொண்டேயிருக்கும்.

அடுத்து வயரை முழு நீளத்துக்கும் பார்க்க வேண்டும். எலி கடித்த இடம், வெடித்த உறை, ஒட்டுப்போட்ட மூட்டு எதுவாயினும் வயரையே மாற்றுங்கள். பிளக்கையும் திறந்து பாருங்கள். கபில நிறம் உயிர்க் கம்பி, நீலம் நொதுமல் கம்பி, பச்சையும் மஞ்சளும் கலந்தது புவிக் கம்பி. பழைய வயர்களில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை. மூன்று கால் பிளக்கின் பெரிய கால் புவிக் கம்பிக்குரியது. அது முறிந்திருந்தால், உள்ளே உயிர்க் கம்பி தகரத்தில் பட்டதும் பெட்டி முழுவதும் மின்சாரம் ஏறும். தொடுபவர் உடலே அதற்கு வழியாகும். பியூஸ் இருக்குமிடத்தில் கம்பித்துண்டோ வெள்ளித் தாளோ இருந்தால் அதை அகற்றிச் சரியான பியூசைப் போடுங்கள்.

மழையில் நனைந்த அல்லது கருகல் மணம் வீசும் கணனியை "ஒருக்காப் போட்டுப் பார்ப்பம்" என்று இயக்க வேண்டாம். மடிக்கணனியின் பற்றரி ஊதியிருந்தால் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

பயிற்சி பெறாதவர் திறக்கவே கூடாத பகுதிகள் இரண்டு. ஒன்று பவர் சப்ளைப் பெட்டி. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதன் கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கியிருக்கலாம். மற்றது பழைய படக்குழாய் மொனிற்றர். இயங்கும்போது அதன் குழாயில் 20,000 வோல்ற்றைத் தாண்டும் அழுத்தம் உண்டு. நிறுத்திய பின்னரும் அதில் ஒரு பகுதி தேங்கி நிற்கும்.

தனியாக வேலை செய்ய வேண்டாம். ஒருவரை மின்சாரம் பிடித்தால் அவரைத் தொடாமல் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த தடியால் வயரை விலக்குங்கள்.

பெற்றோருக்குக் கணனி தெரியாதிருக்கலாம். ஆயினும் ஒரு கேள்வியைக் கேட்கலாம்: "பிளக் எங்கே, பிள்ளை?" அது வேலை செய்பவரின் கண்முன்னே மேசைமேல் இருக்க வேண்டும். அப்போதுதான் வேறொருவர் அறியாமல் அதைச் செருகிவிட முடியாது.