தம்பியை எந்தக் கதவு வழியாகக் கூட்டிப் போவது?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பேரங்காடி. மகனுக்குச் சட்டை பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் கையை இழுத்து, தன் கால்சட்டையைத் தொட்டுக் காட்டினான். அவனுக்கு 12 வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு அதிகம் வராது. அந்தச் சைகையைக் காட்டிவிட்டால் எனக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் அவகாசம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு கழிப்பறைக்கு ஓடினோம். பூட்டியிருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கவும் அங்கு ஆள் இல்லை. கணவர் வேலையில் இருந்தார். ஆண்கள் பக்கம் அவனைத் தனியாக அனுப்ப முடியாது. வேறு வழியில்லாமல், அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்தேன்.

உள்ளே நீண்ட வரிசை. கண்ணாடி முன்னால் ஒரு மலாய்ப் பெண் தூடோங்கை அவிழ்த்துச் சரிசெய்துகொண்டிருந்தார். என் மகனைக் கண்டதும் பதறிப்போய்த் தலையை மூடிக்கொண்டார். வரிசையில் நின்ற நம்மவர் ஒருவர், "என்னம்மா இது, இவ்வளவு பெரிய பையனை உள்ள கூட்டிட்டு வர்றீங்க? பொம்பளப் பிள்ளைங்க நிக்கிறாங்க இல்ல?" என்றார். "மன்னிச்சிடுங்க அக்கா, அவனுக்கு..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தரையில் ஈரம் பரவிவிட்டது.

அன்று சட்டை எடுக்காமலேயே வீடு திரும்பினோம்.

அந்த இருவர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. பெண்கள் கழிப்பறையில் பெண்கள் கூச்சமில்லாமல் இருக்க நினைப்பது அவர்கள் உரிமை. மீசை அரும்பத் தொடங்கிய ஒரு பையன் உள்ளே வந்தால் யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் என் மகனுக்கும் சிறுநீர் கழிக்க ஓர் இடம் வேண்டும். இரண்டும் நியாயம்தான். அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது?

வயது ஒரு பக்கம், தேவை ஒரு பக்கம்

நான்கு வயதுப் பையனை அம்மா பெண்கள் கழிப்பறைக்குக் கூட்டிப் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எட்டு, ஒன்பது வயதில் பார்வைகள் தொடங்கும். அதற்குள் மற்றப் பிள்ளைகள் தாங்களாகவே போய்வரப் பழகிவிடுவார்கள். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு உடல் மட்டும் வளர்கிறது. ஜிப்பைத் திறப்பதற்கும் கழுவிக்கொள்வதற்கும் இன்னும் ஒரு கை வேண்டியிருக்கிறது. கை உலர்த்தும் இயந்திரம் திடீரென இரைந்தால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவான். அந்நியர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்தால் கூடவே போய்விடுவான். உள்ளே ஏதாவது நடந்தால் வெளியே வந்து சொல்லவும் அவனுக்குத் தெரியாது. ஆண்கள் கழிப்பறையின் வாசலில் நிற்கும் ஒவ்வோர் அம்மாவுக்கும் இருக்கும் பயம் இதுதான்.

அப்பாக்களின் பாடு இன்னும் கடினம். எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், 10 வயது. ஆண்கள் கழிப்பறையில் மற்றவர்கள் வரிசையாக நின்றுகொண்டிருக்க, மகளை அவர் எப்படி உள்ளே கூட்டிப் போவார்? பெண்கள் பக்கமும் அவரால் போக முடியாது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், "கொஞ்சம் என் மகளைப் பார்த்துக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்தச் சில நிமிடங்கள் உயிரே போய்விடும் என்பார். இப்போது மனைவி கூட வராவிட்டால் மகளை எங்கும் அழைத்துச் செல்வதில்லை.

இப்படித்தான் குடும்பங்கள் மெல்ல மெல்ல வீட்டுக்குள் ஒடுங்கிவிடுகின்றன. கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்துகிறோம். பழகி விட்டுவிட்ட பிள்ளைக்கு மறுபடியும் டயப்பர் கட்டுகிறோம். கல்யாணத்துக்கு ஒருவர் மட்டும் போய்வருகிறோம். தைப்பூசத்துக்குப் பத்துமலை போவதை விட்டுவிட்டு, தொலைக்காட்சியில் பார்த்துக் கும்பிடுகிறோம்.

மூன்றாவது கதவு

ஆண், பெண் என்ற இரண்டு கதவுகளோடு மூன்றாவதாக ஒரு கதவு இருந்தால் யாருக்கும் சங்கடம் இல்லை. அதுதான் ஓகேயு கழிப்பறை, அல்லது குடும்பக் கழிப்பறை. அம்மா மகனோடும், அப்பா மகளோடும், முதிய மனைவி நடக்க முடியாத கணவரோடும் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளலாம். நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொதுக் கட்டடங்களையும் வசதிகளையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. ஆனால் அந்த உரிமையை மறுப்பவருக்குத் தண்டனை என்று அச்சட்டத்தில் எதுவும் இல்லை.

அதனால்தான் மூன்றாவது கதவு இருந்தும் பல இடங்களில் பயன்படுவதில்லை. பூட்டிக் கிடக்கும். திறந்தால் உள்ளே துடைப்பமும் வாளியும் உடைந்த நாற்காலியும் இருக்கும். திறந்திருக்கும் இடத்தில் வேறொரு சிக்கல். கதவில் சக்கர நாற்காலிப் படம் மட்டுமே இருப்பதால், "பையன் நல்லாத்தானே நடக்கிறான், இங்க ஏன் போறீங்க?" என்று கேட்பார்கள்.

பதில் எளிது. சமூக நல இலாகா வழங்கும் ஓகேயு அட்டை ஏழு பிரிவினருக்கு உரியது. கை கால் குறைபாடு அதில் ஒரு பிரிவு மட்டுமே. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் போன்றவை கற்றல் குறைபாடு என்ற பிரிவில் வருகின்றன. பார்த்தால் தெரியாத குறைபாடும் குறைபாடுதான். அட்டை இன்னும் எடுக்காத பெற்றோர், மருத்துவரின் உறுதிப்படுத்தலோடு மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். "பிள்ளைக்கு முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடுமே" என்று நானும் இரண்டு ஆண்டுகள் தயங்கியிருக்கிறேன். இன்று பாதுகாவலரிடம் நீண்ட விளக்கம் சொல்லாமல் அட்டையைக் காட்டினால் போதும்.

படுக்க வைத்துத்தான் உடை மாற்ற வேண்டும் என்ற நிலையில் உள்ள பெரிய பிள்ளைகளுக்கு ஓகேயு கழிப்பறையும் போதாது. குழந்தைகளுக்கான மேசை அவர்களைத் தாங்காது. அம்மாக்கள் கழிப்பறைத் தரையில் துண்டு விரித்துப் படுக்க வைக்கிறார்கள். இதே நிலையை மாற்றத்தான் 2006இல் பிரிட்டனில் 'சேஞ்சிங் பிளேசஸ்' என்ற இயக்கம் தொடங்கியது. பெரியவர் படுக்கக்கூடிய மேசை, தூக்கிவிடும் கருவி, உதவியாளரும் நிற்க இடம், இவையெல்லாம் கொண்ட தனி அறை அவர்களின் கோரிக்கை. 2021 முதல் இங்கிலாந்தில் புதிதாகக் கட்டப்படும் பெரிய பொதுக் கட்டடங்களில் அது கட்டாயமாகிவிட்டது. அந்தச் சட்டம் வர 15 ஆண்டுகள் ஆயின. கேட்கத் தொடங்கியதால்தான் அதுவும் வந்தது.

கிளம்பும் முன்

எனக்குக் கைகொடுத்த சில வழிகளைச் சொல்கிறேன்.

பேரங்காடிக்குப் போனதும் கடைகளைப் பார்ப்பதற்கு முன் ஓகேயு கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் தகவல் முகப்பில் கேட்டு, சாவி இருக்கும் இடத்தை அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய மாடிகளில் பெரும்பாலும் கூட்டம் குறைவு.

பையில் மாற்றுடை, பிளாஸ்டிக் பை, ஈரத்துணி எப்போதும் இருக்கட்டும். இரைச்சலுக்குப் பயப்படும் பிள்ளைக்குக் காதை மூடும் ஹெட்போன் உதவும். தானாகத் தண்ணீர் பாயும் கழிப்பறையில் சென்சாரின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டால், பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது திடீரென இரையாது.

நெடுஞ்சாலை ஓய்விடங்களில் குந்தும் கழிப்பறையும் இருக்கும். வீட்டில் உட்காரும் கழிப்பறைக்கு மட்டும் பழகிய பிள்ளை அங்கே மிரளும். பயணத்துக்கு முன் ஒருமுறை காட்டிப் பழக்குங்கள்.

வீட்டில் படங்களைக் கொண்டு சொல்லிக்கொடுங்கள். கதவைச் சாத்து, பூட்டு, போ, கழுவு, கால்சட்டையைப் போடு, கை கழுவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். அதே படங்கள் உங்கள் கைப்பையிலும் இருக்கட்டும். முதலில் பக்கத்தில் நில்லுங்கள். பிறகு திரும்பி நில்லுங்கள். பிறகு கதவுக்கு வெளியே. ஒவ்வொரு படிக்கும் மாதக்கணக்கில் ஆகலாம். ஆகட்டும்.

அம்மா, அப்பா, பாட்டி என்று யார் யார் உதவலாம் என்பதைப் பெயர் சொல்லிப் பழக்குங்கள். மற்றவர் தொட வந்தால் கத்தச் சொல்லிக்கொடுங்கள். பேசாத பிள்ளையும் கத்தப் பழகலாம். மகனின் தாய்மாமாவுக்கும் தாத்தாவுக்கும் அந்தப் படங்களைக் காட்டுங்கள். விசேஷங்களில் அம்மா இல்லாமலும் அவன் போய்வர முடியும்.

பக்கத்தில் நிற்பவருக்கு

இது எல்லாவற்றையும் பெற்றோர் செய்தாலும், கதவு பூட்டியிருக்கும் நாள் ஒன்று வரத்தான் செய்யும். அப்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால் வரிசையில் முதலில் போக விடுங்கள். முறைக்க வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். கட்டட நிர்வாகத்தில் இருப்பவர்கள், கோயில், மண்டப நிர்வாகிகள், இன்றே போய் உங்கள் ஓகேயு கழிப்பறைக் கதவைத் திறந்து பாருங்கள். வாளியையும் துடைப்பத்தையும் வேறிடத்தில் வைக்கலாம்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபம். அங்கும் ஓகேயு கழிப்பறை இல்லை. பெண்கள் கழிப்பறை வாசலில் மகனோடு தயங்கி நின்றேன். பட்டுப்பாவாடை கட்டிய ஓர் இளம் பெண் பார்த்தார். எதையும் விசாரிக்கவில்லை. உள்ளே இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னார். அவர்கள் வெளியே வந்ததும், "நீங்க உள்ள போங்கக்கா, நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிறேன்" என்றார்.

இரண்டே நிமிடம்தான். வெளியே வந்து, அவன் கையைத் துடைத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்தோம். பாயசம் வந்தபோது மகன் இரண்டாவது குவளை கேட்டான். நான் தடுக்கவில்லை.