காடேக் வெந்நீர் ஊற்றுக்குச் செல்லுமுன்



நம் அலோர் காஜா மாவட்டத்திலேயே, காடேக் என்னுமிடத்தில், நிலத்தினின்று வெந்நீர் ஊறுகின்றது. அங்கே சுற்றுலா செல்வதைப் பற்றி வகுப்பில் பேசியபொழுது ஒரு மாணவன், "ஐயா, அதில் முட்டை வேகுமா?" என வினவினான். நல்ல வினா!

அடியில் எரிமலை இருக்குமோ என அஞ்ச வேண்டா. தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை எதுவுமில்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற்கு இறங்குகின்றது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்திற்கும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை கூடும். அங்ஙனம் சூடேறிய நீரே வேறொரு பிளவின் வழியாக மேலெழுகின்றது. வரும் வழியில் கந்தகம் கலந்தால் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும்.

இனி முட்டைக்கு வருவோம். வெண்கரு இறுகுவதற்கு 60 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். குழந்தையின் தோலுக்கோ 50 பாகையே போதும். சில நிமிடங்களில் வெந்துவிடும். ஆகவே, முட்டை வேகாத நீரும் பிள்ளையைச் சுடும்! அமெரிக்காவில் 1872-ஆம் ஆண்டு அமைந்த எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், நடைபாதையை விட்டு விலகி வெந்நீரில் விழுந்து மாண்டோரும் உண்டு.

எனவே, பெரியவர் ஒருவர் தொட்டுப் பார்த்த பின்னரே பிள்ளைகள் கால் நனைக்கலாம். குடிநீரும் காலணியும் கட்டாயம் வேண்டும். இதய நோயாளரும் கருவுற்ற தாய்மாரும் மருத்துவரைக் கேட்டு வருக. ஞாயிறன்றும் வேலைக்குச் செல்லும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர்; அவர்தம் ஓய்வு நாளை அறிந்தே நாள் குறிப்போம். ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவரேனும் துணை வேண்டும். வர இயன்றோர் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள்.