பள்ளி நூலகமும் நன்கொடை நூல்களும்

பள்ளி நூலகத்திற்கு நூல்கள் வரும் வழி இரண்டு. விலை கொடுத்துப் பெறுதல் ஒன்று. நன்கொடையாகக் கொள்ளுதல் மற்றொன்று. முன்னதில் தேர்ந்த பின்னரே நூல் வருகின்றது. பின்னதில் நூல் வந்த பின்னரே தேர்வு நிகழ்கின்றது. அத்தேர்வின் முறையைக் குமரி மாவட்டத்து அருமனைப் பகுதியின் நிலையோடு பொருத்தி ஈண்டு ஆராய்வோம்.

அருமனை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி அரசில் அடங்கியிருந்தது. அன்றே சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆதலின் இங்குள்ள பழைய வீடுகளினின்று வரும் நூல்களுள் தமிழோடு மலையாளமும் விரவியிருத்தல் இயல்பு. கொல்லம் ஆண்டு பொறித்த நூல்களும் அவற்றுள் இருத்தல் கூடும். அவ்வாண்டு ஆகஸ்டு நடுவில், சிங்கத் திங்களில் தொடங்குவது. திசம்பர் முடிய 824-ஐயும், சனவரி முதல் 825-ஐயும் அதனோடு கூட்டின் ஆங்கில ஆண்டு கிடைக்கும். எனவே, கொல்லம் 1100 என்பது 1924-25 ஆகும். இதனை அறியாது பதிவேட்டில் 1100 என்றே எழுதினால், அந்நூலின் காலம் எண்ணூறு ஆண்டு பின்தள்ளப்படும்.

இனி, கையாளும் முறையைக் காண்போம். மழையும் ஈரமும் மிக்க இப்பகுதியில் வந்த நூல்களை உடனே அடுக்கில் சேர்த்தல் தகாது. செல், இராமபாணம், பூஞ்சணம் ஆகியன பற்றியுள்ளனவா என நோக்கி, காற்றோட்டமுள்ள தனியிடத்தில் சில நாள் வைத்தல் வேண்டும். கிழிந்த தாளை ஒட்டுநாடா கொண்டு ஒட்டுதல் கூடாது. அது நாளடைவில் பழுத்துத் தாளைக் கறைப்படுத்தும். மெல்லிய தாளும் மாவுப்பசையுமே ஏற்றவை. பின்னர்ச் சேர்க்கைப் பதிவேட்டில் நூலின் பெயர், வழங்கியவர் பெயர், பெற்ற நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும்.

தேர்வில் எழும் இடர் இரண்டு. வழங்கியவர் மனம் வருந்துமோ என அஞ்சி அனைத்தையும் வைத்துக்கொள்ளுதல் ஒன்று. பழையன என்ற அளவிலேயே கழித்தல் மற்றொன்று. நூல் பயன்பாட்டிற்கே உரியது என்பதைச் சீர்காழி இரங்கநாதனார் 1931-இல் தம் ஐந்து விதிகளுள் முதலாவதாக வைத்தார். அதன்படி, மாணவர்க்குப் பயன்படாதனவும் மிகைப்படிகளும் பிற நூலகங்கட்குச் செல்லலாம். இவ்வுரிமையை நூலைப் பெறும்போதே வழங்குவோர்க்குத் தெரிவித்தல் நேர்மை. ஆயினும் திருவிதாங்கூர்க் காலத்துப் பாடநூல் ஒன்று கிடைப்பின், அது இன்றைய மாணவனுக்குப் பாடமாகாவிடினும் அவன் பாட்டனார் கற்ற கல்விக்குச் சான்றாகும். அதனைக் கழித்தல் பிழை. தனிப்பேழையில் காத்தல் கடன்.

மறைமலையடிகள் திரட்டிய நூல்கள் 1958-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஒரு நூலகத்திற்கு முதலாயின. அத்துணைப் பெருந்தொகுதிக்கு அது தகும். நாற்பது நூல் தந்தார்க்குத் தனி அடுக்கு அமைப்பின், பொருள் தேடி வரும் மாணவன் இடர்ப்படுவான். ஆதலின் வழங்கியவர் பெயர் பதிவேட்டிலும் நூலின் உள்ளட்டையிலும் நிற்க. நூல் தன் பொருள்வகைக்குரிய இடத்தில் நிற்க. கொடுத்தார்க்குச் செய்யும் நன்றி, அந்நூல் ஒரு மாணவன் கையை அடைதலே.