யானையும் ‘புலி வருது’ கதையும்

எங்கள் பள்ளிக்குப் பின்னால் ரயில் பாதை. ஆவடி வழியாகக் கேரளம் போகும் ரயில் ஒன்று கடந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் வரைபடத்தில் அதன் வழியைத் தொடரச் சொன்னேன். விரல்கள் கோவையைத் தாண்டி மதுக்கரை, வாளையாறு என்று நகர்ந்தன. அது யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் காடு. 2021 நவம்பர் 26 இரவு, மங்களூரிலிருந்து சென்னைக்கு வந்த ரயில் நவக்கரை அருகே மோதி மூன்று யானைகள் இறந்தன. வகுப்பு சட்டென்று அமைதியானது.

2024 பிப்ரவரியில் வனத்துறை அங்கே செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. 12 கோபுரங்களில் சாதாரண கேமராக்களும் வெப்பத்தைப் படமாக்கும் கேமராக்களும் உள்ளன. இருட்டிலும் யானையின் உடல் வெப்பம் தெரிந்துவிடும். கணினி அதை யானை என்று கண்டுகொண்டால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகிறது. அங்கிருந்து வனப் பணியாளர்களுக்கும் ரயில்வேக்கும். பிரேக் போட்டாலும் ரயில் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும் என்பதால் முன்கூட்டியே தெரிவது முக்கியம். நிலைமம் பாடத்திற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

கணினிக்கு யானை எப்படித் தெரியும்? ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்குகிறார்கள். வகுப்பில் இதைச் செய்ய கணினி தேவையில்லை. யானை, மாடு, பாறை ஆகியவற்றின் கறுப்பு நிழலுருவங்களை வெட்டி, பாதியை மறைத்து ஒரு நொடி மட்டும் காட்டினேன். மாட்டை யானை என்றார்கள் சிலர். யானையைப் பாறை என்றார்கள் சிலர். எந்தத் தவறு மோசமானது என்று கேட்டேன். யானையைத் தவறவிடுவதுதான் என்றது வகுப்பு. ஒரு மாணவி மட்டும் மறுத்தாள்: “சார், சும்மா சும்மா யானைன்னு சொன்னா ‘புலி வருது’ கதை மாதிரி ஆயிடும். நிஜமா வர்றப்போ டிரைவர் நம்ப மாட்டார்.”

நான் தயாரித்த பாடத்தில் இது இல்லை. அவளுக்காக வால்பாறையைப் பற்றிச் சொன்னேன். அங்கே பத்தாண்டுகளுக்கும் மேலாக யானை இருக்கும் இடம் குறுஞ்செய்தியாக வருகிறது. கைப்பேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்குகளும் உண்டு. தொடக்கத்தில் அதில் செயற்கை நுண்ணறிவு கிடையாது. யானையைப் பார்த்தவர்கள் சொன்ன தகவல்தான். தேயிலைத் தோட்ட மக்கள் அதை நம்பினார்கள், பிறகு விளக்கைத் தாங்களே எரியவிடவும் ஆரம்பித்தார்கள்.

“அப்போ மதுக்கரையில மாடு வந்தா கணினி என்ன சொல்லும் சார்?” என்றாள். அடுத்த வகுப்புக்கு மாட்டுப் படங்கள் இன்னும் சில வெட்ட வேண்டும்.