லாரி ஓடாத மாதங்கள்

வியாபாரத்தில் மந்த மாதம் என்று ஒன்று உண்டு என்பதை வணிகப் பெருமக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடியில் கல்யாணம் இல்லை; புதுமனை புகுவிழா இல்லை; மொத்தமாகச் சாமான் எடுப்பவர் வருவதில்லை. மார்கழியிலும் அப்படியே. ஆவணி பிறக்கட்டும், தை பிறக்கட்டும் என்று நாம் காத்திருக்கிறோம். நம்மிடம் சரக்கு இருக்கிறது. இன்று விற்காதது நாளை விற்கும். ஆனால் அந்தச் சரக்கைக் கொண்டு வரும் லாரி டிரைவருக்கு இந்த வசதி கிடையாது. இன்று ஓடாத ஓட்டத்தை அவர் நாளை சேர்த்து ஓட முடியாது.

குடுமியான்மலை, அன்னவாசல், இலுப்பூர் பகுதிக் கடைகளில் இருப்பது பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. துவரை குல்பர்கா, மகாராஷ்டிரப் பக்கத்திலிருந்தும், மிளகாய் குண்டூரிலிருந்தும், வெங்காயம் நாசிக்கிலிருந்தும், உப்பு தூத்துக்குடி, வேதாரண்யத்திலிருந்தும் வருகின்றன. புதுக்கோட்டைக்கு ரயில் உண்டு. ஆனால் நம் கடை வாசலுக்கு மூட்டை வந்து சேர லாரிதான் கதி.

இந்த லோடுகள் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. துவரை வரத்து தை, மாசியில் பலமாக இருக்கும். மிளகாய் மாசியிலிருந்து சித்திரை வரை. மே மாதத்தில் குண்டூர் மிளகாய் யார்டுக்கே கோடை விடுமுறை விட்டு விடுவார்கள். ஜூன் முதல் வடக்கே மழை. கட்டட வேலை குறையும், சிமெண்ட் லோடும் குறையும். புரட்டாசியில் அசைவம் தவிர்ப்பவர்கள் அதிகம் என்பதால் நாமக்கல் முட்டை விற்பனை சரியும். தீபாவளிக்கு முன் சிவகாசிப் பட்டாசும் ஜவுளியும் குவியும்போது லாரி கிடைப்பதே அரிது. மார்ச் கடைசியில் கம்பெனிகள் கணக்கு முடிக்கச் சரக்கை அவசரமாக அனுப்பும். ஏப்ரலில் அந்த வேகம் அடங்கிவிடும்.

இதன் பாதிப்பு டிரைவர் வீட்டில் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். தூர வண்டி ஓட்டுபவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஓட்டத்துக்கு இவ்வளவு படி, அல்லது வாடகையில் இவ்வளவு பங்கு என்பதே ஏற்பாடு. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஓட்டத்துக்கு 5,000 ரூபாய் கையில் நிற்பதாக வைத்துக் கொள்வோம். மாதம் நான்கு ஓட்டம் என்றால் 20,000. மந்தத்தில் இரண்டு ஓட்டம் என்றால் 10,000. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் பாதியாகக் குறையுமா? இது போதாதென்று ரிட்டன் லோடு தொல்லை. வடக்கே சரக்கை இறக்கிவிட்டு, திரும்பும் லோடுக்காகப் புக்கிங் ஆபீஸ் வாசலில் மூன்று நாள், நான்கு நாள் காத்துக் கிடக்க வேண்டும். அந்த நாட்களின் சாப்பாட்டுச் செலவு படியிலிருந்துதான் போகும்.

லாரி உரிமையாளரையும் குறை சொல்லிப் பயனில்லை. நாட்டில் ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்களே அதிகம். வண்டி நின்றாலும் தவணை நிற்காது. இன்சூரன்ஸும் வரியும் நிற்காது. காலி வண்டியாக வந்தாலும் பூதகுடி சுங்கச்சாவடியில் கட்டணம் குறைவதில்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்று விதித்தது. ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறைவான இடங்களுக்கு அது தானாகப் பொருந்தவில்லை. ஒற்றை லாரி டிரைவர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

பருவ மந்தத்தோடு பொது மந்தமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். 2018 ஜூலையில் டீசல் விலை, சுங்கக் கட்டணம், இன்சூரன்ஸ் பிரிமியம் ஆகியவற்றை எதிர்த்து நாடு முழுவதும் எட்டு நாள் லாரிகள் நின்றன. அதே மாதம் லாரிகள் ஏற்றக்கூடிய பாரத்தின் அளவை அரசு உயர்த்தியது. அதே சரக்குக்குக் குறைந்த வண்டி போதும் என்று ஆயிற்று. 2019-ல் வியாபாரமும் சுணங்கவே லாரிகள் மிஞ்சின, லோடு போதவில்லை. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. வழியில் சாப்பாட்டுக் கடைகூடத் திறக்காத அந்த நாட்களில் டிரைவர்கள் ஓட்டி வந்ததால்தான் நம் கடைகளில் பருப்பும் எண்ணெயும் இருந்தன.

"மந்தத்தில் வாடகை குறைகிறதே, நமக்கு லாபம்தானே?" என்று சிலர் கேட்கலாம். அந்த லாபம் நிலைப்பதில்லை. வாடகை கட்டுபடியாகாதவர் வண்டியை விற்கிறார். டிரைவர் வேறு வேலை தேடிப் போகிறார். தன் மகன் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம் என்று சொல்லாத டிரைவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பிறகு தீபாவளிச் சீசனில் வண்டி இல்லாமல் தவிப்பதும், கேட்ட வாடகையைக் கொடுப்பதும் நாம்தான். ஆடியில் மிச்சம் பிடித்தது ஐப்பசியில் போய்விடுகிறது.

நம்மால் ஆகக் கூடியவை சில உண்டு. முதலாவது, வந்த வண்டியை அன்றே இறக்கி அனுப்புவது. "நாளைக்கு இறக்கிக் கொள்ளலாம்" என்பது நமக்கு ஒரு சொல். டிரைவருக்கு ஒரு நாள் பிழைப்பு. காக்க வைத்தே தீர வேண்டுமானால் ஹால்டிங் கொடுத்துவிட வேண்டும். இரண்டாவது, மீதி வாடகையை இறக்கிய கையோடு தருவது. மூட்டைக் குறைவு இருந்தால் அனுப்பியவரிடம் பேசித் தீர்க்கலாம்; விசாரிக்காமல் டிரைவர் தலையில் கட்டக் கூடாது. மூன்றாவது, கெடாத சரக்கை மந்த மாதத்தில் எடுத்து வைப்பது. வடகிழக்கு மழை இறங்கினால் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். ஆடி, ஆவணியிலேயே உப்பு எடுத்து வைத்தால் நமக்கும் மலிவு, வண்டிக்கும் ஓட்டம். ஒரு கடைக்கு முழு லோடு தாங்காது என்றால் நாலு கடைக்காரர் சேர்ந்து எடுக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்று தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. 1989-ல் நமக்கு வணிகர் நல வாரியம் ஏற்பட்டபோது, பதிவு செய்யுங்கள் என்று கடை கடையாகச் சொல்லித்தான் உறுப்பினர் சேர்ந்தார்கள். நம் கடைக்கு வாடிக்கையாக வரும் டிரைவர் அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால் சங்கத்தில் சொல்லி விண்ணப்பம் எழுத உதவுங்கள். அதற்கு நமக்கு ஒரு காசு செலவில்லை.